கண்ணாடி பாட்டிலுக்கு எந்த அட்டைப் பெட்டி?

தேனி பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "வீட்டிலேயே ஊறுகாய், தொக்கு போட்டு விற்கிறேன். 300 கிராம் கண்ணாடி பாட்டில். உயரம் 11 செ.மீ., விட்டம் 7 செ.மீ., நிரப்பி மூடினால் 480 கிராம். மதுரை, கோவை கடைகளுக்கு 12 பாட்டிலாக லாரி பார்சலில் போடுகிறேன். ஆன்லைன் ஆர்டர் 4 பாட்டிலாகக் கூரியரில் போகிறது. அதில்தான் உடைசல் அதிகம். பெட்டிக்காரர் யுனிவர்சலா, டை-கட்டா, எத்தனை ப்ளை என்று கேட்கிறார். மூடி மடங்கி உள்ளே செருகிக்கொள்ளும் டை-கட் பெட்டி பார்க்க அழகாக இருக்கிறது. அதையே 7 ப்ளையில் எடுத்து இரண்டுக்கும் வைத்துக்கொள்ளலாமா?"

வேண்டாம். 7 ப்ளையும் வேண்டாம் (ப்ளை என்பது அட்டையில் எத்தனை தாள் அடுக்கு என்பது), இந்தப் பொருளுக்கு டை-கட்டும் வேண்டாம். இரண்டு வழிக்கும் ஒரே பெட்டி என்பதும் சரிப்படாது. லாரியில் போகும் பெட்டி அடுக்கி வைக்கப்படும். அதன் கவலை மேலிருந்து வரும் பாரம். கூரியர் பெட்டி தனியாகப் போகும், கைமாறும், விழும். அதன் கவலை அடி. பெட்டியின் வகையை முடிவு செய்ய வேண்டியது இந்த வித்தியாசத்தை வைத்துத்தான். ப்ளை கணக்கு அதற்கு அப்புறம்.

முதலில் உடைசலுக்கு வருவோம். கண்ணாடி இரண்டே காரணங்களால்தான் பெரும்பாலும் உடைகிறது. ஒன்று, பாட்டிலும் பாட்டிலும் இடித்துக்கொள்வது. இன்னொன்று, பாட்டில் பெட்டிச் சுவரை ஒட்டி நிற்பதால் வெளியே பட்ட அடி நேராக உள்ளே இறங்குவது. ப்ளையைக் கூட்டினால் பெட்டி கெட்டியாகும், ஆனால் இந்த இரண்டும் அப்படியே இருக்கும். 7 ப்ளைக்குக் கொடுக்கும் கூடுதல் காசைப் பார்ட்டிஷனுக்கும் (பாட்டில்களுக்கு நடுவே நிற்கும் அட்டைத் தடுப்பு) சுற்றி விடும் இடைவெளிக்கும் செலவழித்தால் உடைசல் வெகுவாகக் குறையும். நெளி அட்டைக்கு, அதாவது அலையலையாக நெளித்த தாள் வைத்த இந்த அட்டைக்கு, பேக்கிங் வேலை வந்து சேர்ந்ததே கண்ணாடியால்தான். 1871-இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஆல்பர்ட் ஜோன்ஸ் பாட்டிலையும் விளக்குச் சிம்னியையும் சுற்றுவதற்கென்று நெளித்தாளுக்குக் காப்புரிமை வாங்கினார். பெட்டியாக மாறியது அதற்குப் பிறகு.

சரி, வகைகள். யுனிவர்சல் என்று உங்கள் பெட்டிக்காரர் சொல்வது நாம் எல்லோரும் பார்த்துப் பழகிய சாதாரணப் பெட்டி. மேலே நான்கு ஃப்ளாப் (மடித்து மூடும் இதழ்), கீழே நான்கு ஃப்ளாப், நீளப் பக்கத்து ஃப்ளாப் இரண்டும் நடுவில் வந்து சந்திக்கும், அங்கே டேப் ஒட்டுவோம். ஐரோப்பிய நெளி அட்டைப் பெட்டி உற்பத்தியாளர் கூட்டமைப்பான ஃபெஃப்கோ பெட்டி வகைகளுக்குப் போட்ட எண் வரிசையில் இது 0201. எண்ணைச் சொன்னால் எந்த ஊரிலும் பேச்சு குழம்பாது. இதற்கு டை, அதாவது வெட்டும் அச்சு, தேவையில்லை, மெஷினில் நேராக வெட்டிக் கீறிவிடுவார்கள். தாளும் அதிகம் வீணாகாது. மலிவாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

நீங்கள் ஆசைப்படும் டை-கட் பெட்டி 0427. ஒரே அட்டையில் வெட்டி, பக்கச் சுவர்களை இரட்டையாக மடித்து, டேப் இல்லாமலே நிற்க வைப்பது. திறக்கும்போது அழகு, அதை மறுக்கவில்லை. ஆனால் இதன் தாள் செலவு பெட்டியின் உயரத்தோடு ஏறும். 35 × 25 × 5 செ.மீ. அளவில், ஒரு புடவை வைக்கும் தட்டையான பெட்டிக்கு, யுனிவர்சலுக்கும் இதற்கும் ஏறக்குறைய ஒரே அளவு தாள்தான். சுமார் 3,600 சதுர செ.மீ. எனவே புடவைக்கு, புத்தகத்துக்கு, நகைக்கு 0427 நல்ல தேர்வு. உங்கள் 4 பாட்டில் பெட்டி 20 × 20 × 17 என்று வைத்துக்கொள்ளுங்கள். யுனிவர்சலில் சுமார் 2,960 சதுர செ.மீ. போதும். 0427-க்கு ஏறத்தாழ 90 செ.மீ. நீளமும் அகலமும் உள்ள தாளிலிருந்து வெட்ட வேண்டும், அதாவது இரண்டரை மடங்குக்கும் மேல். வெட்டிப் போட்ட ஓரங்களுக்கும் நீங்கள்தான் காசு கொடுக்கிறீர்கள். அதோடு டை செய்யத் தனிச் செலவு. 7 ப்ளை அட்டை இந்த மடிப்புக்கெல்லாம் வளைந்தும் கொடுக்காது.

மற்ற வகைகளும் உண்டு. மேல் மூடி தனி, அடித்தட்டு தனி என்று வரும் 0300 பழத்துக்கும் பரிசுப் பெட்டிக்கும் ஏற்றது. ஃப்ளாப் முழுசாக ஒன்றன்மேல் ஒன்று படியும் 0203 அடிப்பகுதி பலமாக வேண்டிய கனமான சாமானுக்கு. ஒட்டி வரும் அடிப்பாகம் தட்டியதும் தானே பூட்டிக்கொள்ளும் வகை, ஒரு நாளில் நூற்றுக்கணக்கில் பேக் செய்பவர்களுக்கு நேரம் மிச்சம் செய்யும். உங்களுக்கு இவை எதுவும் இப்போது வேண்டாம்.

ஆக, இரண்டுமே யுனிவர்சல், ஆனால் வேறு வேறு அளவு. லாரிக்குப் போகும் 12 பாட்டில் பெட்டியை எல்லோரும் 4 × 3 என்று ஒரே அடுக்காகத்தான் யோசிப்பார்கள். பார்ட்டிஷனையும் சேர்த்தால் உள் அளவு 29.5 × 22 × 12 செ.மீ. வரும். தாள் சுமார் 3,500 சதுர செ.மீ. இதையே 3 × 2 ஆக இரண்டு அடுக்கு வைத்தால் 21.5 × 14.5 × 24 செ.மீ., தாள் சுமார் 2,770. அதே 12 பாட்டிலுக்கு ஐந்தில் ஒரு பங்கு தாள் மிச்சம். இது ஏதோ தற்செயல் இல்லை. யுனிவர்சல் பெட்டியில் நீளம், அகலம், உயரம் 2 : 1 : 2 என்ற விகிதத்தில் இருந்தால்தான் குறைந்த தாளில் அதிக கொள்ளளவு கிடைக்கும், ஏனென்றால் அகலம் கூடக் கூட ஃப்ளாப் நீள்கிறது. இரண்டு அடுக்குப் பெட்டி அந்த விகிதத்துக்குக் கிட்டத்தில் வந்துவிடுகிறது. பார்ட்டிஷனும் தட்டுகளும் கூட இதில் குறைவாகத்தான் பிடிக்கும், கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு அடுக்குக்கும் நடுவில் ஒரு அட்டைத் தட்டு கண்டிப்பாக வேண்டும், பெட்டிக்காரரிடம் பிளேட் என்று கேளுங்கள். இல்லாவிட்டால் மேல் பாட்டிலின் அடி கீழ் பாட்டிலின் மூடியை நேராக அழுத்தும். அடியிலும் உச்சியிலும் ஒவ்வொரு பிளேட் போடுங்கள். பார்ட்டிஷன் பாட்டிலின் தோள் வரையாவது வர வேண்டும், முழு உயரத்துக்கும் வந்தால் இன்னும் நல்லது. தோளளவு இல்லாமல் பாதி உயரத்துக்கு வெட்டிக் கொடுத்துக் காசு மிச்சம் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள், அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

கூரியர் பெட்டியில் 4 பாட்டில் 2 × 2 ஆக நிற்கும், பார்ட்டிஷனோடு 14.5 செ.மீ. சதுரம். அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் இரண்டரை செ.மீ. விட்டு, அந்த இடத்தை நெளித்தாள் ரோலாலோ கசக்கிய தாளாலோ இறுக்கி நிரப்ப வேண்டும். மேலேயும் கீழேயும் அப்படியே. அப்போதுதான் 20 × 20 × 17 வருகிறது. பெட்டி பெரிதானால் கூரியர் கட்டணம் ஏறுமே என்று நீங்கள் இறுக்கமான பெட்டியாகத் தேடியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், பலரும் செய்வது அதுதான். ஆனால் ஊறுகாய் கனமான பொருள். கூரியர்கள் செ.மீ. அளவில் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி, பல இடங்களில் 5,000-ஆல் வகுத்து, வரும் எடையையும் உண்மை எடையையும் ஒப்பிட்டு எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடுவார்கள். உங்கள் பெட்டிக்கு 6,800 ÷ 5,000, அதாவது 1.36 கிலோ. உண்மை எடையோ பெட்டியோடு சேர்த்து 2.2 கிலோ பக்கம். வகுக்கும் எண் 4,000 என்று வைத்தாலும் 1.7 தான். அந்த இடைவெளிக்கு நீங்கள் ஒரு பைசா கூடக் கொடுக்கவில்லை. அப்பளம், முறுக்கு அனுப்புகிறவர்களுக்கு இந்தக் கணக்கு தலைகீழாகத் திரும்பும், அவர்கள்தான் பெட்டியைச் சுருக்கப் பார்க்க வேண்டும்.

இப்போது ப்ளை. 5 ப்ளை என்றால் மூன்று தட்டைத் தாள், நடுவே இரண்டு நெளித்தாள், அவ்வளவுதான். அந்தத் தாள் எப்படிப்பட்டது என்று அந்தச் சொல் சொல்லாது. அதற்குத்தான் ஜிஎஸ்எம், பிஎஃப் என்று இரண்டு எண்கள். முதலாவது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, இரண்டாவது அந்த எடைக்கு அது எவ்வளவு தாங்கும் என்பது. இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் ஒரு தாளின் வெடிப்பு வலிமை (எவ்வளவு அழுத்தினால் கிழியும் என்பது), சதுர செ.மீ.க்கு எத்தனை கிலோ என்ற கணக்கில் வரும். நெளித்தாளுக்குப் பாதியாக எடுத்துக்கொள்வது இங்கே வழக்கம். 150 ஜிஎஸ்எம், 18 பிஎஃப் தாளில் செய்த 5 ப்ளைக்கு 10.8 வரும். 120 ஜிஎஸ்எம், 16 பிஎஃப் தாளில் செய்ததும் 5 ப்ளைதான், அதற்கு 7.7 தான் வரும். 180 ஜிஎஸ்எம், 22 பிஎஃப் தாளில் 3 ப்ளை செய்தாலே 9.9. அதாவது நல்ல 3 ப்ளை மட்டமான 5 ப்ளையை இந்த விஷயத்தில் முந்திவிடும். அடுக்கும்போது தாங்கும் பலம் வேறு கணக்கு, அதில் அட்டையின் தடிமனும் சேரும். அங்கே 5 ப்ளைக்கு மரியாதை உண்டு.

உங்களுக்கு என் யோசனை: இரண்டு பெட்டிக்கும் 5 ப்ளை, 150 ஜிஎஸ்எம், 18 பிஎஃப். பார்ட்டிஷனும் பிளேட்டும் 3 ப்ளை. 12 பாட்டில் பெட்டி 6 கிலோ பக்கம்தான் நிற்கிறது, பாரத்தில் ஒரு பங்கைப் பாட்டில்களே தாங்கும், எனவே இதற்கு மேல் போக அவசியமில்லை. கூரியர் பெட்டிக்கு 3 ப்ளை போதாதா என்றால், உள்ளே பேக்கிங் சரியாக இருந்தால் போதும் என்றுதான் சொல்வேன். ஆனால் எந்தக் கனமான பார்சலோடு அது ஒரே மூட்டையில் போகும் என்பது உங்கள் கையில் இல்லை. கண்ணாடி என்பதால் அந்தச் சில ரூபாயைக் கொடுத்துவிடலாம்.

பெட்டி கைக்கு வந்ததும் நெளிவு எந்தத் திசையில் ஓடுகிறது என்று ஓரத்தை உற்றுப் பாருங்கள். பக்கச் சுவரில் நெளிவு மேலிருந்து கீழாக நிற்க வேண்டும். படுத்திருந்தால் எத்தனை ப்ளையானாலும் அடுக்கும்போது நசுங்கும். பார்ட்டிஷனிலும் அப்படியே. பெட்டியின் பாரத்தைப் பெரும்பாலும் தாங்குவது நான்கு மூலைகள்தான், எனவே குடோனில் மூலைக்கு மேல் மூலை உட்காரும்படி நேராக அடுக்கச் சொல்லுங்கள். செங்கல் கட்டுவது போல மாற்றி மாற்றி வைத்தால் அடுக்கு சாயாது, ஆனால் கீழ்ப்பெட்டியின் தாங்குசக்தி நன்றாகக் குறைந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அட்டை ஈரத்தை இழுத்துக்கொண்டு தளரும். வெறும் பெட்டிகளைக்கூடத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். உங்கள் பொருளில் இன்னொரு ஈரமும் உண்டு, எண்ணெய். ஒரு மூடி கசிந்தால் போதும், அடி அட்டை ஊறிப் பெட்டி விட்டுப்போகும். ஒவ்வொரு பாட்டிலையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டிவிட்டு அப்புறம் பெட்டியில் இறக்குங்கள்.

டேப்பை நடுக்கோட்டில் மட்டும் ஒட்டி நிறுத்திவிடாதீர்கள். இரண்டு ஓரங்களிலும் குறுக்கே ஒட்டி, ஆங்கில எச் எழுத்து போல வர வேண்டும். கீழேயும் அப்படியே. 2 அங்குல டேப் போதும்.

ஆர்டர் கொடுக்கும்போது அளவை எப்போதும் நீளம், அகலம், உயரம் என்ற வரிசையில், உள் அளவு என்று எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் வெளி அளவாக வந்து நிற்கும், 5 ப்ளையில் அந்த வித்தியாசம் ஒரு செ.மீ.க்கு மேல் போகும், பார்ட்டிஷன் உள்ளே இறங்காது. மொத்தமாக அடிக்கும் முன் இரண்டு மூன்று மாதிரிப் பெட்டி கேளுங்கள். பிரிண்டிங் கூட இல்லாத வெறும் மாதிரி போதும்.

மாதிரி வந்ததும் பாட்டில்களில் ஊறுகாய்க்குப் பதில் அதே எடைக்குத் தண்ணீர் நிரப்பி, நிஜமாக அனுப்புவது போலவே பேக் செய்து, சிமெண்டுத் தரையில் போட்டுப் பாருங்கள். 10 கிலோவுக்குக் குறைந்த பார்சலுக்கு இஸ்டா 1ஏ என்ற சர்வதேசச் சோதனை சொல்லும் உயரம் 76 செ.மீ., ஏறத்தாழ ஒரு சாப்பாட்டு மேசை உயரம். அடியில் ஒரு மூலையில் ஒருமுறை, அந்த மூலையில் சேரும் மூன்று விளிம்புகளிலும் ஒவ்வொரு முறை, பிறகு ஆறு பக்கங்களிலும் ஒவ்வொரு முறை, மொத்தம் பத்து. ஒரே பெட்டியை, நடுவில் பிரிக்காமல். பாட்டில் உடைந்தால் எந்தப் பக்கத்துப் பாட்டில் என்று பாருங்கள். சுவர்ப் பக்கம் உடைந்திருந்தால் இடைவெளியைக் கூட்டுங்கள், உள்பக்கம் உடைந்திருந்தால் பார்ட்டிஷனின் உயரத்தைக் கூட்டுங்கள். அதற்கப்புறம் ஆர்டரை உறுதி செய்யுங்கள்.