தொட்டியில் பூத்திருப்பது உப்பா, ஈயமா?

கேள்வி: இங்கிலாந்தில் க்ளஸ்டர்ஷயர் பக்கம் ஒரு சிற்றூர் ஆலயத்தில் புதிதாக சர்ச் வார்டன் பொறுப்பு ஏற்றிருக்கிறேன். அங்கே நார்மன் காலத்து (11–12ஆம் நூற்றாண்டு) ஞானஸ்நானத் தொட்டி இருக்கிறது. சுண்ணாம்புக் கல், வெளிப்புறம் வளைவு வளைவாகச் செதுக்கு வேலை, உள்ளே ஈயத் தகடு, மேலே ஓக் மர மூடி. தொட்டியின் அடிப்பக்கமும் உட்புறமும் வெள்ளைப் பொடியாகப் பூக்கிறது. அடுத்த மாதம் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம். வினிகர் போட்டுத் தேய்த்துவிடலாமா? தண்ணீர் நிறைக்கலாமா?

பதில்: வினிகர் வேண்டவே வேண்டாம். பித்தளையைப் புளி போட்டு விளக்கிய கை அதைத்தான் தேடும். ஆனால் சுண்ணாம்புக் கல்லை அமிலம் கரைக்கும். எண்ணூறு ஆண்டுக்கு மேல் நின்ற உளித் தடம் ஒரே மாலையில் மழுங்கிவிடும். பிளீச், சோப்பு, கம்பி பிரஷ், பிரஷர் வாஷர் எதுவும் கூடாது. பளபளப்புக்கென்று ஆளி எண்ணெயோ மெழுகோ பூசவும் கூடாது.

நீங்கள் சொல்லும் வெள்ளை ஒன்றல்ல, இரண்டாக இருக்க வாய்ப்பு அதிகம். கல்லின் மேல் இருப்பது உப்பு. ஈயத்தின் மேல் இருப்பது ஈயத்தின் அரிமானம், அதாவது நஞ்சு. இரண்டுக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு.

முதலில் உட்புறம், குழந்தை சம்பந்தப்பட்டது அதுதான். ஓக் மரத்திலிருந்து அசிட்டிக் அமில ஆவி தொடர்ந்து கசியும். மரம் மிகப் பழையதானாலும் அது முழுக்க நிற்பதில்லை. மூடி இறுக்கமாகப் பொருந்தி உள்ளே ஈரமும் தங்கினால், அந்த ஆவி ஈயத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்கும். அதில் பெரும்பகுதி ஈயக் கார்பனேட். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டினால் தூசாகப் பறந்து மூச்சில் போகும். ஆகவே தொடாதீர்கள், ஊதாதீர்கள், வீட்டு வாக்குவம் கிளீனரைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். கை பட்டிருந்தால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கல் பராமரிப்பு நிபுணர் வந்து பார்க்கும்வரை அந்தத் தொட்டிக்குள் தண்ணீர் வேண்டாம். மூடியைத் திறக்காமல் விட்டு, பக்கத்தில் சிறு மேசை போட்டு, கண்ணாடியிலோ பீங்கானிலோ ஒரு கிண்ணம் வைத்து ஞானஸ்நானம் கொடுப்பது பற்றி உங்கள் குருவானவரிடம் இப்போதே பேசிவிடுங்கள். முடிவு அவருடையது.

இதே க்ளஸ்டர்ஷயரில் தகடு மட்டுமல்லாமல் தொட்டியே ஈயத்தில் வார்க்கப்பட்டவை உண்டு. ஃப்ராம்ப்டன் ஆன் செவர்னில் இருப்பது 12ஆம் நூற்றாண்டு வார்ப்பு. அதே அச்சில் வார்த்த, லான்காட் என்ற ஊரின் தொட்டி இப்போது க்ளஸ்டர் கதீட்ரலில் இருக்கிறது. ஓக் மூடி பற்றிய எச்சரிக்கை அவற்றுக்கும் பொருந்தும்.

இனி வெளிப்புறம். நம் ஊரில் சுவர் ‘உப்புப் பூத்திருக்கிறது’ என்போமே, அதேதான். தரையின் ஈரம் கல்லின் நுண்துளை வழியே மேலேறி வரும்போது கரைந்த உப்பையும் கூட்டி வருகிறது. பழைய ஆலயத் தரைக்கு அடியில் கல்லறைகள் இருக்கும், நைட்ரேட் அங்கிருந்து வரும். சிமென்ட் பூச்சிலிருந்து சல்ஃபேட் வரும். நீர் ஆவியாகும் இடத்தில் உப்பு படிகமாகிறது. மேற்பரப்பில் படிந்தால் பொடியாக உதிர்ந்து போகும், பெரிய கேடில்லை. கல்லின் மேல்தோலுக்குச் சற்று உள்ளே படிந்தால்தான் அதைப் பிளந்து ஏடு ஏடாகப் பெயர்க்கும். வாரம் முழுக்கக் குளிர்ந்து கிடக்கும் ஆலயத்தில் ஞாயிறு காலை மட்டும் ஹீட்டரை முழு வேகத்தில் போட்டால் இதற்குத் தோதாகிவிடும். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் கரையும், குறைந்தால் மறுபடி படிகமாகும். ஒவ்வொரு சுற்றிலும் கல் கொஞ்சம் தளரும். ஈரத் துணியால் துடைத்தால் உப்பை மறுபடி கரைத்து உள்ளே அனுப்புகிறீர்கள், அவ்வளவுதான்.

பொடி உப்புதானா என்று பார்ப்பது எளிது. கல்லிலிருந்து தானாகத் தரையில் உதிர்ந்ததில் ஒரு சிட்டிகை எடுத்து (உட்புறப் பொடியை அல்ல), கண்ணாடி டம்ளரில் தண்ணீர் விட்டுக் கலக்குங்கள். கரைந்து மறைந்தால் உப்பு. அடியில் தங்கினால் கல் தூளோ, பழைய சுண்ணாம்புப் பூச்சோ, ஜிப்சமோ இருக்கலாம். பிறகு அடியைச் சுற்றி வெள்ளைத் தாள் விரித்து, வாரம் ஒருமுறை உதிர்ந்ததைப் படமெடுங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேலும் இருக்கட்டும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் ஏடு பெயர்வது தெரியும். செதுக்கின் பள்ளங்களில் சிவப்போ கருப்போ நிறத் துணுக்கு தெரிந்தால் அது பழைய வண்ணமாக இருக்கலாம். அங்கே மிருதுவான பிரஷ்கூட வேண்டாம்.

தொட்டியின் விளிம்பில் எதிரெதிரே இரண்டு குழியோ, உடைந்து ஒட்டுப்போட்ட தடமோ இருக்கிறதா பாருங்கள். 1236இல் கேன்டர்பரி பேராயர் எட்மண்ட், தொட்டிகளை மூடிப் பூட்டி வைக்கக் கட்டளையிட்டார். அர்ச்சித்த நீரைச் சூனியத்துக்குத் திருடுகிறார்கள் என்ற அச்சம். அந்தப் பூட்டு மாட்டிய இரும்புக் கொளுக்கியின் மிச்சம் உள்ளே இருந்தால் துருவேறிப் பருத்துக் கல்லை வெடிக்கவைக்கும். பழுப்புக் கறையும் மயிரிழைப் பிளவும் தெரிந்தால் நிபுணரிடம் காட்டவேண்டிய முதல் இடம் அதுதான்.

மருந்து பெரும்பாலும் தொட்டியில் இல்லை, கட்டடத்துக்கு வெளியே இருக்கிறது. மழை பெய்யும்போது குடை பிடித்து ஒரு சுற்று வாருங்கள். கூரைத் தண்ணீர்க் குழாய் எங்கே வழிகிறது, அடைத்த இலை எங்கே, வெளி மண் உள்தரையைவிட உயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தொட்டி நிற்கும் பீடத்தைச் சுற்றி யாராவது சிமென்ட் பூசியிருந்தால் தரை வழியே வெளியேற வேண்டிய ஈரம் எல்லாம் கல் வழியாகத்தான் ஏறும். அதை நீங்களே உளி வைத்துப் பெயர்க்காதீர்கள். அதற்குப் பதில் சுண்ணாம்புக் காரை இடுவது நிபுணர் வேலை.

அனுமதி விஷயத்தில் சர்ச் ஆஃப் இங்கிலாந்து கண்டிப்பானது. குழாயில் இலை எடுப்பதற்கு யாரையும் கேட்கவேண்டாம். தொட்டியைச் சுத்தம் செய்ய, ஈயத் தகட்டைப் பழுதுபார்க்க, இடம் மாற்ற ‘ஃபேகல்ட்டி’ என்ற திருமண்டல (பிஷப்பின் ஆளுகைக்குட்பட்ட வட்டார) அனுமதி வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆலயத்தைச் சோதிக்கும் ஆர்கிடெக்டிடம் படங்களைக் காட்டிவிட்டு, திருமண்டல ஆலோசனைக் குழுவுக்கு எழுதுங்கள். நிபுணரை ‘ஐகான்’ என்ற பராமரிப்பு நிபுணர்கள் அமைப்பின் அங்கீகாரப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பது நல்லது.

நகர்த்திப் பார்க்கலாமே என்று யாராவது சொன்னால் கணக்கைக் காட்டுங்கள். 70 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரமுள்ள தொட்டி, உள்குடைவு போகவே 300 கிலோவுக்கு மேல்.

ஈயத்தைச் சரிசெய்த பிறகும் தொட்டியை நிறைக்கவேண்டியதில்லை. 50 செ.மீ. விட்டமும் 25 செ.மீ. ஆழமுமுள்ள அரைக்கோளக் குடைவு ஏறக்குறைய 33 லிட்டர் கொள்ளும். குழந்தையை முழுக்காட்டிய காலத்து அளவு அது. இன்று தலையில் ஊற்ற 2 லிட்டர் போதும். ஆராதனைக்குச் சற்று முன் ஜாடியில் வெதுவெதுப்பாகக் கொண்டுவந்து ஊற்றுங்கள். முந்தின நாள் 2 லிட்டர் விட்டு, ஸ்கேலில் மட்டம் குறித்து ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். மட்டம் இறங்கினால் தகட்டின் இணைப்பு விட்டிருக்கிறது, அல்லது வடிகாலை அடைக்கும் தக்கை ஒழுகுகிறது. ஆராதனை முடிந்ததும் வடித்துவிட்டு, பஞ்சுத் துணியால் ஒற்றி, மூடியை அன்று மாலைவரை திறந்தே விடுங்கள். பிறகும் மூடிக்கும் விளிம்புக்கும் நடுவே காற்றுப் போக இடைவெளி வேண்டும். அதை எப்படி விடுவது என்று நிபுணரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஈஸ்டருக்கும் அறுவடைப் பண்டிகைக்கும் தொட்டிக்குள் பூ அடுக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். ஈரப் பஞ்சும் கம்பியும் ஈயத்தைக் கெடுக்கும். ஞானஸ்நான நீரைத் தவிர வேறெதற்கும் தொட்டியின் கிண்ணம் பயன்படக்கூடாது என்று சர்ச் ஆஃப் இங்கிலாந்தின் எஃப் 1 விதியும் சொல்கிறது. பூ அலங்காரக் குழுவிடம் சொல்லும்போது அந்த விதியைக் காட்டினால் மனத்தாங்கல் குறையும்.