செய்மதி இருக்கும்போது சூறாவளிக்குள் விமானம் எதற்கு?

செய்மதிப் படங்கள் நிமிடக் கணக்கில் வந்துகொண்டிருக்கும் காலத்தில், அமெரிக்கர் சூறாவளிக்குள் விமானம் ஓட்டுவது வீண் சாகசம் இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை என்பதே என் பதில். செய்மதிக்குத் தெரிவது மேகத்தின் கூரை. கேடு செய்வது கடல்மட்டத்தில் வீசும் காற்று. மேகத்தின் வடிவத்தையும் வெப்பநிலையையும் கொண்டு அந்தக் காற்றைக் கணிக்க டுவோராக் முறை உண்டு என்றாலும், அது மதிப்பீடுதான், அளவீடு அன்று.

1943 ஜூலை 27 அன்று அமெரிக்க இராணுவ விமானி ஜோசப் டக்வர்த் ஒரு பயிற்சி விமானத்தில் டெக்சாஸ் கரையோரம் புயலின் கண்ணுக்குள் போய்வந்ததோடு இப்பணி தொடங்கியது. இன்று மிசிசிப்பியின் கீஸ்லர் தளத்திலுள்ள 53ஆவது வானிலை வேவுப் பிரிவு, பலத்த சூறாவளியாயின் ஏறத்தாழ 10,000 அடி உயரத்தில், கண்ணைச் சுற்றி நிற்கும் மேகச் சுவரான கண்சுவரை ஊடறுத்து, பின்பு வேறொரு திசையிலிருந்து மறுபடியும் ஊடறுக்கிறது. காற்றின் வேகம் மட்டும் விமானத்தை முறித்துவிடாது. சீராக வீசும் காற்றோடு விமானமும் சேர்ந்தே நகரும். மேலெழும் காற்றும் கீழிறங்கும் காற்றும் விநாடிகளுக்குள் மாறி மாறி அடிக்கும் கண்சுவர்தான் ஆபத்தானது. 1989இல் ஹியூகோ சூறாவளிக்குள் 1,500 அடியில் நுழைந்த ஆய்வு விமானம் ஒரு எஞ்சினை இழந்து, கண்ணுக்குள்ளேயே வட்டமிட்டு மேலேறித்தான் தப்பியது. 1955இல் ஜனெட் சூறாவளிக்குள் போன கடற்படை விமானமோ 11 பேருடன் திரும்பவே இல்லை.

இத்தனைக்கும் பலன், விமானத்திலிருந்து போடும் ஒரு சிறு குழாய்தான். சிறு பரசூட்டில் இறங்கும் அக்கருவி அமுக்கம், வெப்பநிலை, ஈரப்பதன், காற்று ஆகியவற்றைக் கடலைத் தொடும்வரை வானொலி அலையில் அனுப்பிக்கொண்டேயிருக்கும். அது விழும் இடத்தில் 10 நொட்ஸ் காற்று இருந்தால் அமுக்கம் மிகக் குறைந்த சரியான மையத்தில் விழவில்லை என்று கொண்டு, அளந்த அமுக்கத்தில் 1 ஹெக்டோபாஸ்கலைக் (அமுக்க அலகு) கழித்துக்கொள்கிறார்கள். இந்த நுணுக்கம் செய்மதிக்கு வராது.

நம்முடைய வங்கக் கடலில் இவ்வாறு வழமையாகப் பறப்பவர் எவருமில்லை. 2020 டிசெம்பர் 2 இரவு திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே புரெவிச் சூறாவளி கரையைக் கடந்தது. அப்படியான நாட்களில் "தம்பி, சரியா எந்த இடத்தாலை ஏறுது?" என்று எங்கள் கடற்றொழிலாளர் கேட்பார்கள், வள்ளங்களை எவ்வளவு தூரம் மேலே இழுப்பது என்பது அந்த விடையைப் பொறுத்தது. அவர்களுக்கு இந்த விமானம் உதவும். வயல்காரருக்கு அவ்வளவு உதவாது என்றே நினைக்கிறேன்: 2018 டிசெம்பரில் சூறாவளி எதுவுமில்லாமல், மழை மட்டுமே இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறக்கவைத்துக் கிளிநொச்சியை வெள்ளத்தில் ஆழ்த்தியது. மேலும், மேற்குப் பசிபிக்கிலேயே இந்த வழமையான பறப்புகளை அமெரிக்கா 1987இல் நிறுத்திவிட்டதால், நம் கடலுக்கு அவை வருமென்று நான் எதிர்பார்க்கவில்லை.