ஜீப்பின் கூரை ஒழுகினால்: வாசகர் கேள்வி – பதில்

புதிதாக நான்கு சக்கர இழுவை ஜீப் எடுத்த வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பல கூரையைப் பற்றியவை. ஐப்பசி அடைமழைக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. ஒழுகலைக் காய்ந்த நாளில் தேடுவதுதான் சுலபம் என்பதால் இந்த இதழில் அவற்றையே எடுத்துக்கொண்டோம்.

ஹார்டு டாப் ஜீப் எடுத்து இரண்டு மாதம் ஆகிறது. போன வாரம் பெய்த மழையில் இடப்பக்க முன்சீட்டின் கால்மாடு சொதசொதவென்று ஆகிவிட்டது. கூரையின் உள்பக்கத் துணியில் ஈரமே இல்லை. சர்வீஸில் கண்ணாடி ஓரமாகச் சிலிகான் பூசிக் கொடுத்தார்கள். அடுத்த மழையிலும் அதே நிலைமை. தண்ணீர் எங்கிருந்துதான் வருகிறது?
– திருமங்கலம் வாசகர்

தண்ணீர் தேங்கும் இடமும் நுழையும் இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். ஹார்டு டாப் என்பது உடலோடு வெல்டு செய்த தகடு அல்ல, தனியாக வார்த்த மூடி. முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல்விளிம்பு, கதவுகளின் மேல்பக்கம், பின்பக்க உடல் விளிம்பு ஆகிய இடங்களில் இடைவெளியை அடைக்கும் ரப்பர் பட்டையான பீடிங்மேல் உட்கார்ந்து, போல்ட்டால் இறுகியிருக்கிறது. முன்மூலையில் நுழைகிற தண்ணீர் கண்ணாடியை ஒட்டிய தூணுக்குள் இறங்கி, அங்கே ஓடும் வயர் கொத்தைப் பிடித்துக்கொண்டு டேஷ்போர்டுக்குப் பின்னால் போய்க் கால்மாட்டில் சொட்டும். கூரைத் துணி நனையாததால் மட்டும் கூரை ஒழுகவில்லை என்று சொல்லிவிட முடியாது.

அதே சமயம் இடப்பக்கக் கால்மாடு நனைந்தால் கூரையை மட்டுமே சந்தேகிப்பதும் தவறு. நம் நாட்டு வண்டிகள் பலவற்றில் ஏசியின் கூலிங் காயில் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அதன் வடிகுழாய் அடைத்தால் மழை இல்லாத நாளிலும், ஏசி ஓடும்போது, வாடையில்லாத சுத்தமான தண்ணீர் உள்ளே வழியும். தண்ணீரில் நிறமும் பிசுபிசுப்பும் லேசான இனிப்பு வாடையும் இருந்தால் அது ஹீட்டரிலிருந்து கசியும் கூலன்ட், அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் திரவம். உடனே பட்டறைக்குக் கொண்டுபோங்கள். பானெட்டைத் தூக்கி, வைப்பருக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் தட்டியையும் பாருங்கள். வேப்பிலையும் பூவும் அங்கே மக்கி வடிகாலை அடைத்திருந்தால், மழைநீர் தேங்கி ஏசிக்குக் காற்று இழுக்கும் வழியாக உள்ளே இறங்கும். கண்மாய் மறுகால் ஓடும் பாதையில் வண்டியை இறக்கியிருந்தால் தரையில் உள்ள ரப்பர் அடைப்பான்களையும் சோதிக்க வேண்டும். ஒன்று கழன்றிருந்தாலும் தண்ணீர் கீழிருந்து ஏறும்.

இவை எதுவும் இல்லை என்று தெரிந்தபின் தண்ணீர்ச் சோதனை. மேட்டிங்கைத் தூக்கி, தூணின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, எல்லாவற்றையும் துணியால் ஒற்றிக் காயவிடுங்கள். சாதாரணத் தோட்ட ஹோஸ் போதும். முனையில் கன் வேண்டாம், தண்ணீர் மழைபோல் வழிந்தால் போதும். உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்கார வேண்டும். வெளியே இருப்பவர் கீழிருந்து மேலே போக வேண்டும்: முதலில் வைப்பர் தட்டி, பிறகு கண்ணாடியின் கீழ்மூலைகள், கதவின் கீல் பக்கம், கண்ணாடியின் மேல்விளிம்பு, கடைசியாகக் கூரை மூட்டு. ஒவ்வொரு இடத்திலும் 5 நிமிடம். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா மூட்டுகளிலும் வழிந்துவிடும். எந்த மூட்டு வாங்கியது என்று தெரியாது. சமதளத்தில் ஒழுகாவிட்டால், ஒழுகிய அன்று வண்டி எந்தப் பக்கம் சாய்ந்து நின்றதோ அதேபோல் நிறுத்தி மறுபடி பாருங்கள்.

இரண்டு மூட்டுகள்மேல் சந்தேகம் இருந்தால் மாஸ்கிங் டேப் உதவும். எல்லா மூட்டுகளையும் டேப்பால் மூடி, ஒவ்வொன்றாக உரித்துத் தண்ணீர் விடுங்கள். எந்த டேப்பை உரித்ததும் சொட்டுகிறதோ அந்த மூட்டுதான்.

கூரையின் முன்விளிம்பு என்று உறுதியானால் போல்ட்டை இன்னும் இறுக்கிவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். அளவுக்கு மேல் இறுகினால் அந்த இடத்தில் பீடிங் நசுங்கித் தட்டையாகி, பக்கத்தில் இடைவெளி விழும். எல்லா போல்ட்டுகளையும் தளர்த்தி, கூரையைச் சரியாக உட்கார வைத்து, முதலில் அனைத்தையும் கையால் மட்டும் முடுக்க வேண்டும். பிறகு முன்னிருந்து பின்னாக, இடம் வலம் மாற்றி மாற்றி, வண்டிக் கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு இறுக்க வேண்டும். அப்போதே பீடிங்கின் இரு முனைகள் சேரும் இடத்தைப் பாருங்கள். 1 மி.மீ. இடைவெளிகூடத் தண்ணீருக்குப் போதும். மூலையில் பீடிங் மடிந்திருந்தாலும், இடத்தைவிட்டு விலகியிருந்தாலும் மாற்றித்தான் ஆக வேண்டும்.

சிலிகான் பூசியது வருத்தத்துக்குரியது. கரடுமுரடான பாதையில் ஹார்டு டாப் லேசாக அசையும்; பூசிய சிலிகான் அங்கே உரிந்துகொண்டு வரும். வினிகர் வாடை அடிக்கும் ரகம் இரும்பை அரிக்கவும் செய்யும். அது படிந்த இடத்தில் பெயின்டோ வேறு பசையோ ஒட்டாது. பீடிங் மாற்றுவதற்கு முன் அதை முழுக்கச் சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள். கசிவு கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் என்றால் அது வேறு வேலை: கண்ணாடியைக் கழற்றி பாலியூரிதேன் பசையில் மறுபடி ஒட்ட வேண்டும்.

மேட்டிங்கின் மேற்பரப்பு காய்ந்ததும் விட்டுவிடாதீர்கள். அடியில் உள்ள தடித்த ஃபோம் தண்ணீரைப் பல நாள் பிடித்து வைத்திருக்கும். வெளியே எடுத்து, பிழிந்து, இரண்டு மூன்று நாள் வெயிலில் போடுங்கள். இல்லாவிட்டால் முடைநாற்றம் போகாது. அடியில் போகும் வயர் இணைப்புகள் பச்சை பூத்து, சில மாதம் கழித்து டேஷ்போர்டில் காரணம் தெரியாத எச்சரிக்கை விளக்குகளாக வந்து நிற்கும்.

என் வண்டி இன்னும் மழையில் நனையவே இல்லை. ஆனால் குவாரிப் பக்கம் போய் வந்தால் உள்ளே மாவுபோல் தூசி. நாலுவழிச் சாலையில் 80-ஐத் தாண்டினால் வலது காதுக்கு மேல் விசில் சத்தம். மழைக்காலத்தில் ஒழுகுமா?
– மேலூர் வாசகர்

ஒழுக வாய்ப்பு அதிகம். காற்றும் தூசியும் போகிற வழியில் தண்ணீரும் போகும். ஒருவகையில் உங்களுக்கு நல்லதுதான்: எங்கே கசியும் என்பதைத் தூசி முன்கூட்டியே கோடு போட்டுக் காட்டிவிடும். தூசிப் பாதையில் போய் வந்ததும் துடைக்காமல், கதவைத் திறந்து பீடிங்கைப் பாருங்கள். சரியாக அழுந்துகிற இடத்தில் சுத்தமான கோடு தொடர்ச்சியாக இருக்கும். அந்தக் கோடு அறுந்து தூசி குறுக்கே பாய்ந்திருக்கும் இடம்தான் ஓட்டை.

விசிலுக்கும் டேப்தான் வழி. வலது கதவின் மேல்மூட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டி அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் இடம் தெரிந்துவிட்டது. அடுத்து காகிதச் சோதனை: இரண்டு விரல் அகலக் காகிதத்தைக் கதவுக்கும் பீடிங்குக்கும் நடுவே வைத்துக் கதவைச் சாத்தி, இழுங்கள். எதிர்ப்போடு வர வேண்டும். ஒரு சாண் இடைவெளியில் கதவைச் சுற்றிலும் செய்யுங்கள். வழுக்கிக்கொண்டு வரும் இடத்தில் அழுத்தம் இல்லை. பெரும்பாலும் தூணில் உள்ள லாக் வளையத்தை 1 அல்லது 2 மி.மீ. உள்ளே தள்ளி வைத்தாலே சரியாகும். புது பீடிங் தேவைப்படாது.

இன்னொரு வழியும் உண்டு. எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டு, ஏசியை வெளிக்காற்று நிலையில் வைத்து ஃபேனை முழு வேகத்தில் ஓடவிடுங்கள். மூட்டுகளில் வெளியே சோப்பு நுரைத் தண்ணீரைத் தடவினால், கசியும் இடத்தில் குமிழி எழும்பும்.

கொடைக்கானலில் ஹார்டு டாப் வண்டிக்குள்ளேயே இரவு படுத்தோம். விடியும்போது தலைமேல் சொட்டுச் சொட்டாக விழுந்தது. மழையே பெய்யவில்லை. கூரையில் ஓட்டையா?
– வத்தலக்குண்டு வாசகர்

இல்லை, உங்கள் மூச்சுக்காற்றின் ஈரம்தான். உள்பக்கம் துணியோ ஃபோமோ ஒட்டாத கூரை இரவுக் குளிரில் சில்லிட்டுவிடும். ஈரக்காற்று அதில் பட்டு நீராகும். கசிவென்றால் மூட்டை ஒட்டி ஓரிடத்தில் சொட்டும், இது கூரை முழுவதும் பரவலாக முத்து முத்தாக நிற்கும். எதிரெதிர்க் கண்ணாடிகள் இரண்டை ஒரு விரல் அகலம் இறக்கிவிட்டுப் படுங்கள். அடிக்கடி மலையேறுகிறவர் என்றால் கூரையின் உள்பக்கம் ஒட்டும் காப்புத் தடுப்புகள் வாங்கலாம். மதுரை வெயிலுக்கும் அவை நல்ல பயன் தரும்.

துணிக் கூரை வண்டி. முதல் மழையிலேயே தையல் வழியாகக் கசிந்தது. ரப்பரில் தேங்காய் எண்ணெய் தடவினால் நிற்கும் என்கிறார்கள். சரியா?
– உசிலம்பட்டி வாசகி

எண்ணெய் வேண்டாம் அம்மா. தேங்காய் எண்ணெய் தடவினால் கரிசல் தூசி ஒட்டி, பீடிங்கை உப்புத்தாள்போல் தேய்த்துவிடும். கிரீஸ், மண்ணெண்ணெய், பெட்ரோல் அதைவிட மோசம். பீடிங் ரப்பரை ஊதிப்போகச் செய்யும். ஈரத்துணியால் துடைத்து, காய்ந்தபின் சிலிகான் ஸ்பிரேயைத் துணியில் அடித்து மெல்லத் தடவுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். நாங்கள் மேலே வேண்டாம் என்றது ஒட்டும் சிலிகான் பசை, இது ரப்பரை மிருதுவாக வைக்கும் திரவம். கடையில் கேட்கும்போது குழப்பிக்கொள்ளாதீர்கள்.

தையலில் கசிவதற்கு, கூடாரத் தையலுக்குப் பூசும் சீம் சீலரைக் கூரையின் உள்பக்கத்தில் பிரஷ்ஷால் பூசி ஒரு நாள் காயவிடுங்கள். ஜிப் ஓரத்தில் கசிந்தால், மேலே மூடும் மடிப்புத் துணி முழுக்கப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஜிப் பற்களில் வெள்ளை மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் இலகுவாக ஓடும்.

கூரையைக் கழற்றி மறுபடி பூட்டுவதை வெயில் ஏறியபின் செய்யுங்கள். குளிரில் துணி சுருங்கியிருக்கும். இழுத்துப் பூட்ட வராது, சரியாகப் பூட்டாத மூலை ஒழுகும். ஈரத்தோடு மடித்து வைத்தால் பூசணம் பிடிக்கும். பிளாஸ்டிக் ஜன்னலை உலர்ந்த துணியால் துடைக்கவே கூடாது, தூசி கீறிவிடும். தண்ணீர் ஊற்றிக் கழுவி, மென்மையான துணியால் ஒற்றி எடுங்கள். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் பட்டால் பிளாஸ்டிக் மங்கிவிடும்.

வீட்டில் புளியமரத்தடியில்தான் நிறுத்துகிறோம். சன்ரூஃப் வைத்த வண்டி. கூரைத் துணியில் மூலையில் பழுப்புக் கறை. சன்ரூஃப் கண்ணாடியை மாற்ற வேண்டுமா?
– சோழவந்தான் வாசகர்

வேண்டியதில்லை. சன்ரூஃப் பீடிங் தண்ணீரை முழுதாகத் தடுப்பதற்காக அமைந்தது அல்ல. கொஞ்சம் உள்ளே வரும். சுற்றியுள்ள வாய்க்கால் அதை வாங்கி, மூலைகளில் உள்ள குழாய்கள் வழியாகத் தூண்களுக்குள் இறக்கி வண்டிக்கு அடியில் விட்டுவிடும். புளியிலை மிகச் சிறியது, அந்தக் குழாயின் வாயில் போய் அழகாக உட்கார்ந்துகொள்ளும். வாய்க்கால் நிரம்பித் துணிக்குள் வழிகிறது.

சன்ரூஃபைத் திறந்து, ஒரு மூலையில் அரை டம்ளர் தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். சில விநாடிகளில் அந்தப் பக்கச் சக்கரத்தை ஒட்டித் தரையில் விழ வேண்டும். விழாவிட்டால், புல்வெட்டும் கருவிக்குப் போடும் 2 மி.மீ. நைலான் நரம்பின் முனையைத் தீக்குச்சியால் உருட்டி மழுக்கி, மெதுவாக உள்ளே விடுங்கள். இரும்புக் கம்பி குழாயைக் கிழித்துவிடும். பட்டறைக் கம்ப்ரசர் காற்று குழாயை அதன் முனையிலிருந்து பிடுங்கிவிடும். பிறகு கூரைத் துணியையே இறக்கினால்தான் மாட்ட முடியும். மரத்தடியை மாற்ற முடியாவிட்டால் வாரம் ஒருமுறை வாய்க்காலைத் துடைப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஹார்டு டாப்மேல் துளை போட்டு கேரியர் வைக்கலாமா?
– ஆண்டிபட்டி வாசகர்

கூடாது. கழற்றும் கூரை சுமை தாங்குவதற்கு உரியதல்ல. பாரம் ஏறினால் அசைந்து பீடிங்கைத் தேய்க்கும், போட்ட துளை ஒவ்வொன்றும் புது ஒழுகலாகும், கூரைக்கான வாரன்டியும் கேள்விக்குள்ளாகும். கேரியர் அவசியமென்றால் பாரம் உடலுக்கோ, உள்ளே இருக்கும் இரும்புக் கூண்டுக்கோ போகும்படி அமைந்ததாகப் பாருங்கள். மாருதி ஜிம்னிபோல் கூரை உடலோடு சேர்ந்து, ஓரத்தில் மழைநீர் விளிம்பு இருக்கும் வண்டி என்றால் அந்த விளிம்பைக் கவ்வும் கேரியர் கிடைக்கிறது, துளையே தேவையில்லை. அப்போதும் கையேட்டில் உள்ள கூரைச் சுமையைத் தாண்டாதீர்கள். கேரியரின் எடையும் அதில் சேர்த்தி.

மூன்று முறை சர்வீஸுக்கு விட்டாயிற்று. “இந்த மாதிரி வண்டி கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும்” என்கிறார்கள். என்ன செய்வது?
– மதுரை அண்ணாநகர் வாசகர்

அந்தப் பதிலை ஏற்காதீர்கள். துணிக் கூரையில் பலத்த மழைக்கு ஒன்றிரண்டு சொட்டு வேறு, ஹார்டு டாப்பில் மேட்டிங் நனைவது வேறு. ஒவ்வொரு முறையும் சர்வீஸில் வேலையைக் குறிக்கும் சீட்டான ஜாப் கார்டில் “கூரையில் நீர்க்கசிவு” என்று இடத்தோடு எழுத வைத்து நகல் வாங்குங்கள். “பொதுச் சோதனை” என்று எழுதினால் அது பிறகு ஆதாரமாக நிற்காது. வண்டியை எடுக்கும் முன் உங்கள் கண்ணெதிரே 15 நிமிடம் தண்ணீர் விட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஒழுகும்போது எடுத்த வீடியோவில் வண்டி எண் தெரியட்டும். வாரன்டிப் புத்தகத்தில் ரப்பர் பாகங்களுக்கான காலத்தைத் தனியாகப் பாருங்கள், சில நேரம் அது குறைவாக இருக்கும்.

எழுத்துமூலம் நிறுவனத்துக்குப் புகார் அனுப்பியும் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வண்டியை வேறு ஊரில் வாங்கியிருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். குறை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் செய்ய வேண்டும், அதனால் முதல் ஜாப் கார்டைப் பத்திரமாக வையுங்கள்.

வாட்டர் வாஷ் கடையில் கொடுத்தால் மட்டும் ஒழுகுகிறது. மழையில் இல்லை.
– வாடிப்பட்டி வாசகர்

மழை அந்த அழுத்தத்தில் அடிப்பதில்லை. உங்கள் கூரை சரியாகவே இருக்கிறது. பிரஷர் கன்னைக் கூரை மூட்டுகளுக்கு நேராகப் பிடிக்காமல், 3 அடி தள்ளி, மேலிருந்து கீழ்நோக்கிச் சாய்த்து அடிக்கச் சொல்லுங்கள்.