ஆடி முடித்ததும் பிரஷர் 168: ஆட்டத்தை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 54. நான்கு ஆண்டுகளாக உயர் ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின், அடெனோலால் என்று இரண்டு மாத்திரைகள் சாப்பிடுகிறேன். வெளியே நடக்கப் போக வசதி இல்லாததால், வீட்டிலேயே பாட்டுப் போட்டு ஆடத் தொடங்கினேன். ஆடுவதற்கு முன் 138/86 இருந்த பிரஷர், ஆடி முடித்த கையோடு பார்த்தபோது 168/84 காட்டியது. பயந்துபோய் நிறுத்திவிட்டேன். வீட்டில் உள்ளவர்களும் "பிரஷர் வைத்துக்கொண்டு ஆடலாமா?" என்கிறார்கள். ஆடலாமா, கூடாதா?

பதில்: ஆடலாம். உங்களைப் பயமுறுத்திய அந்த 168 ஆபத்தின் அடையாளம் இல்லை. ஆடும்போது உடம்பு என்ன செய்ய வேண்டுமோ அதைத்தான் செய்திருக்கிறது.

காலும் இடுப்பும் வேலை செய்யும்போது அந்தத் தசைகளுக்கு நிறைய ரத்தம் வேண்டும். அதற்காக இதயம் வேகமாகவும் பலமாகவும் அடிக்கிறது, மேல் அளவு ஏறுகிறது. அதே நேரத்தில் தசைகளுக்குள் இருக்கும் ரத்தக்குழாய்கள் விரிந்து வழிவிடுவதால், கீழ் அளவு அப்படியே நிற்கும் அல்லது கொஞ்சம் இறங்கும். உங்கள் அளவையே பாருங்கள், 86 என்பது 84 ஆகியிருக்கிறது. பிரஷரே இல்லாத ஒருவர் வேகமாக ஆடினாலும் மேல் அளவு 160, 180 என்று போவது சகஜம். 140/90 என்ற வரம்பெல்லாம் அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது எடுக்கும் அளவுக்குத்தான் பொருந்தும்.

ஆட்டம் நின்ற பிறகு நடப்பதுதான் உங்களுக்குக் கிடைக்கும் லாபம். விரிந்த ரத்தக்குழாய்கள் உடனே சுருங்கிவிடுவதில்லை. அதனால் அடுத்த சில மணி நேரத்துக்கு, சிலருக்கு கிட்டத்தட்ட ஒரு நாள் வரைகூட, பிரஷர் வழக்கத்தைவிடக் குறைவாக இருக்கும். வாரக்கணக்கில் தொடர்ந்தால், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஓய்வு நேர மேல் அளவு சராசரியாக 5 முதல் 8 வரை குறைகிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல், பலன் தொடங்கும் இடத்திலேயே பயந்து நிறுத்திவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

சரி, யார் உடனே தொடங்கக் கூடாது? ஏற்கெனவே மாரடைப்பு, பக்கவாதம், இதய அறுவை சிகிச்சை, நெஞ்சுவலி என்று ஏதாவது வந்தவர்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் ஆட வேண்டும். சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ சேர்ந்திருப்பவர்களுக்கும் இதேதான். உட்கார்ந்து பார்க்கும்போதே 180/110-ஐத் தாண்டியிருந்தால் அன்றைக்கு ஆட்டம் வேண்டாம், மருத்துவரிடம் பேசுங்கள். 138/86 என்ற உங்கள் அளவு ஆடுவதற்குத் தடையே இல்லை.

உங்கள் மாத்திரைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். உடற்பயிற்சி அட்டவணைகளும் கைக்கடிகாரங்களும் 220-இலிருந்து வயதைக் கழித்து, நாடித்துடிப்பு இவ்வளவு வர வேண்டும் என்று ஒரு கணக்குக் காட்டும். அதை மறந்துவிடுங்கள். அடெனோலாலின் வேலையே துடிப்பைக் கட்டுப்படுத்துவதுதான். எவ்வளவு ஆடினாலும் அந்த எண் வராது. வரவில்லையே என்று வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால், உடம்பு தாங்கும் அளவைத் தாண்டிவிடுவீர்கள்.

அதற்குப் பதிலாக உங்கள் மூச்சைக் கவனியுங்கள். ஆடிக்கொண்டே பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், ஆனால் பாட்டோடு சேர்ந்து பாட முடியக் கூடாது. இதில் ஆடுகிறவர்களுக்கு ஒரு வசதி, பாட்டு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. கூடவே பாடிப் பாருங்கள். சரணம் முழுவதையும் மூச்சு வாங்காமல் பாடிவிட்டால் வேகம் போதவில்லை. நாலு வார்த்தை பேசுவதற்குள் மூச்சு முட்டினால் வேகம் அதிகம். பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது தாளத்தை 15 விநாடிக்கு எண்ணுங்கள். 25 முதல் 30 அடி இருந்தால் நிமிடத்துக்கு 100 முதல் 120 ஆகிறது. அதற்குக் காலடி வைத்தால் வேகமாக நடப்பதற்கு ஈடான பயிற்சி.

அம்லோடிபின் விஷயம் வேறு. அது ரத்தக்குழாய்களை விரித்து வைக்கும் மருந்து. ஆட்டமும் அதையே செய்கிறது. இரண்டும் சேர்ந்திருக்கும்போது சட்டென்று நின்றால், ரத்தம் கால்களில் தேங்கி, இதயத்துக்குத் திரும்புவது குறைந்து, பிரஷர் மளமளவென்று விழும். கண் இருட்டும், தலை சுற்றும், சிலர் மயங்கியே விழுவார்கள். ஆடும்போது அசைகிற கெண்டைக்கால் தசைகள்தான் ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருந்தன, அவை நின்றால் அந்த உதவியும் நின்றுபோகிறது. ஆகவே கடைசிப் பாட்டு முடிந்ததும் தொப்பென்று உட்காராதீர்கள். மெதுவான இரண்டு பாட்டுக்கு, அதாவது 5 முதல் 10 நிமிடம், இருந்த இடத்திலேயே கால் மாற்றி மிதித்து வேகத்தைக் குறையுங்கள். தொடங்கும்போதும் இப்படியே மெதுவாக ஏற்றுங்கள். அப்புறம், ஆடிய கையோடு சூடான தண்ணீரில் குளிப்பதும் வேண்டாம். சூடும் குழாய்களை விரிக்கும் என்பதால் குளியலறையில் மயக்கம் வர வாய்ப்பு உண்டு. அரை மணி நேரம் பொறுத்துக் குளியுங்கள்.

எந்த வகை ஆட்டம் என்பது முக்கியமில்லை, உங்களுக்குப் பிடித்ததை ஆடுங்கள். ஆனால் சில அசைவுகளைத் தவிர்ப்பது நல்லது. முதலாவது, மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்யும் எதுவும். அந்த ஒரு கணத்தில் பிரஷர் திடீரென்று எகிறும். முழங்காலை மடக்கித் தாழ்ந்த நிலையில் அப்படியே நிற்கும்போது நம்மை அறியாமல் மூச்சைப் பிடிப்போம், கவனியுங்கள். பாட்டு முழுக்கக் கைகளைத் தலைக்கு மேலேயே வைத்து ஆடுவதும் வேண்டாம். அதே அளவு வேலையைக் கால் செய்வதைவிடக் கை செய்யும்போது பிரஷர் அதிகம் ஏறும். இடையிடையே உயர்த்தி இறக்கினால் தவறில்லை. தலை நெஞ்சுக்குக் கீழே போகும்படி குனிந்து வெடுக்கென்று நிமிர்வதையும், வேகமாகச் சுழல்வதையும் விட்டுவிடுங்கள். முழங்கால் வலி இருந்தால், உறுதியான நாற்காலியில் உட்கார்ந்து காலையும் கையையும் அசைத்து ஆடினாலும் பயன் உண்டு.

காலுறை மட்டும் போட்டுக்கொண்டு வழுவழுப்பான தரையில் ஆடாதீர்கள். நன்றாகச் சாப்பிட்ட பிறகு ஒன்றரை, இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

எவ்வளவு நேரம்? உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான பயிற்சி. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே மூச்சில் ஆட வேண்டும் என்பதில்லை, மூன்று முறை பத்துப் பத்து நிமிடமும் சரியே. நீங்கள் மறுபடி தொடங்குவதால் முதல் வாரம் நாளுக்குப் பத்து நிமிடம் போதும், அப்புறம் வாரம் ஐந்து நிமிடமாகக் கூட்டுங்கள். விட்டுவிட்டால் சில வாரங்களில் பலனும் போய்விடும். அதனால் எப்போதாவது ஒரு மணி நேரம் ஆடுவதைவிடத் தினமும் கொஞ்சம் ஆடுவதே மேல்.

பிரஷர் பார்க்கும் முறையையும் மாற்றுங்கள். ஆடி முடித்து அரை மணி நேரமாவது போகட்டும். காலையில் மாத்திரை போடுவதற்கும் ஆடுவதற்கும் முன்பே பார்த்துவிட்டால் இன்னும் நல்லது. முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கால் மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை, நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து எழுதி வையுங்கள். வீட்டில் உள்ளவர்களுக்குக் காட்ட வேண்டியது இந்த அளவைத்தான்.

ஆடும்போது நெஞ்சில் இறுக்கமோ, தாடைக்கும் இடக்கைக்கும் பரவும் வலியோ, அளவுக்கு மீறிய மூச்சிரைப்போ, தாறுமாறான படபடப்போ வந்தால் அந்த நிமிடமே நிறுத்துங்கள். ஓய்வெடுத்தும் போகவில்லை என்றால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வாய் கோணுவது, பேச்சு குழறுவது, ஒரு பக்கக் கை கால் பலமிழப்பது தெரிந்தால் ஓய்வெடுத்துப் பார்க்கவே வேண்டாம், நேரே மருத்துவமனைதான்.

இரண்டு மூன்று மாதத்தில் மேல் அளவு 110-க்கும் கீழே போக ஆரம்பித்தாலோ, எழுந்து நிற்கும்போது தலை சுற்றினாலோ, மாத்திரையின் அளவு உங்களுக்கு அதிகமாகியிருக்கலாம். எழுதி வைத்த அளவுகளோடு மருத்துவரிடம் போங்கள், அவர் பார்த்துக் குறைப்பார். நீங்களாக நிறுத்த வேண்டாம். குறிப்பாக அடெனோலாலைச் சட்டென்று விட்டால் துடிப்பும் பிரஷரும் முன்பைவிட வேகமாக ஏறும், மாரடைப்பில் முடியவும் கூடும். அதைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.