காக்ரன் பண்ணை ஏன் நொடித்தது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், கால்கரிக்கு மேற்கே உள்ள காக்ரன் ஊரின் பழைய பண்ணைத் தளத்தைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். அந்தப் பகுதியின் முதல் பெரிய மாட்டுப் பண்ணை அது, இரண்டே குளிர்காலத்தில் மாடுகள் மடிந்து கலைந்தது என்கிறார்கள். பணமும் புல்லும் இருந்தும் ஏன்? தெற்கே மற்ற பண்ணைகள் தாக்குப்பிடித்தனவே. மாட்டை அகற்றிய அதே நிலத்தில் குதிரையை விட்டார்களாமே, அது எப்படிப் பிழைத்தது? ஊர் உண்டானதும் அந்தப் பண்ணையால்தானா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

கடைசிக் கேள்விக்கு முதலில். ஊருக்குப் பெயர்தான் பண்ணையுடையது. ஊரை உண்டாக்கியது 1883-இல் வந்த கனடிய பசிபிக் ரயில் பாதை. பின்னால் மணற்கல் குவாரிகளும் செங்கல் சூளைகளும் அதை வளர்த்தன.

பண்ணைக்கு வருவோம். எல்லாப் பழியையும் குளிர்மேல் போடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மாடு வந்து சேர்ந்த மாதமும் தூரத்திலிருந்து உரிமையாளர் தரப்பு அனுப்பிய உத்தரவும்தான் பண்ணையைக் கவிழ்த்தன.

1881 டிசம்பரில் கனடா அரசு மேய்ச்சல் குத்தகை விதிகளைக் கொண்டுவந்தது. ஒருவருக்கு 1,00,000 ஏக்கர் வரை, 21 ஆண்டுக்கு, ஏக்கருக்கு ஆண்டு வாடகை 1 சென்ட். மூன்றாண்டுக்குள் 10 ஏக்கருக்கு ஒரு மாடு வீதம் நிரப்பியாக வேண்டும், அதாவது முழுக் குத்தகைக்கு 10,000 மாடுகள். இந்த விதிகளுக்காக அரசை நெருக்கியவர்களில் பண்ணையின் உரிமையாளரான, கிழக்குக் கனடாவின் கியூபெக் மாகாணத்துச் செனட்டர் மாத்யூ காக்ரனும் ஒருவர். விதி வருமுன்பே, அந்த இலையுதிர்காலத்திலேயே, அமெரிக்காவின் மாண்டானாவிலிருந்து அவருடைய முதல் மந்தை வந்துவிட்டது.

வந்த விதம்தான் கோளாறு. மேய்ந்தபடி நாளுக்கு 16 முதல் 20 கிலோமீட்டர் நடந்தால் மாடு உடம்பைக் காப்பாற்றிக்கொள்ளும். தலைக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் பேசி ஓட்டுகிறவருக்கு ஒவ்வொரு நாளும் கூலிச் செலவு. அவர் விரட்டத்தான் செய்வார். நடக்க முடியாத கன்றுகள் வழியிலேயே கைவிடப்பட்டன. பனிக்கு முன் கொழுப்பு ஏற வேண்டிய வாரங்களில் மந்தை எலும்பும் தோலுமாக வந்து நின்றது.

கொழுப்பு ஏன் முக்கியம்? அடர்ந்த மயிர் உலர்ந்திருந்தால் மாடு மைனஸ் 8 டிகிரி வரை கூடுதல் தீனியில்லாமல் சமாளிக்கும். மயிர் நனைந்துவிட்டால் பிளஸ் 15 டிகிரியிலேயே உடம்புச்சூட்டுக்காகக் கொழுப்பைக் கரைக்கத் தொடங்கிவிடும். கரைக்க ஒன்றுமில்லாத மாடு என்ன செய்யும்?

அடுத்த ஆண்டும் அதே கதை. 1882-இல் வந்த மந்தை வழியிலேயே பனியில் மாட்டியது. அங்கேயே இளைப்பாறவிட்டு வசந்தத்தில் தருகிறோம் என்று ஓட்டி வந்தவர்கள் சொன்னார்கள். உத்தரவுப்படி இப்போதே வேண்டும் என்று பண்ணை நிர்வாகி ஜேம்ஸ் வாக்கர் வாங்கிக்கொண்டார்.

அந்த நிலத்தின் பெரிய நம்பிக்கை சினூக், மலைப்பக்கமிருந்து இறங்கும் வெப்பக்காற்று. ஒரே நாளில் பனியை உருக்கிப் புல்லைத் திறந்துவிடும். அங்குள்ள ஃபெஸ்க்யூ புல் நின்ற நிலையிலேயே காய்ந்து சத்தோடு இருக்கும். குளிர்கால மேய்ச்சலுக்கு அதைவிட நல்ல புல் கிடைப்பது அரிது. ஆனால் சினூக் அரைகுறையாக வீசிவிட்டுப் போனால் உருகிய மேற்பரப்பு மறுபடி உறைந்து ஓடாகிவிடும். மாடு மூக்கால் தள்ளித்தான் மேயும். உறைந்த அந்த மேலடுக்கை உடைக்கத் தெரியாது. மூக்கும் காலும் கிழிந்து ரத்தம் வரும், அதோடு நின்றுவிடும். குதிரை முன்னங்காலால் தோண்டி மேயும். உங்கள் குதிரைக் கேள்விக்கு விடை இதுதான்.

மாடுகளுக்கு வழி தெரியாமலில்லை. பனி குறைந்த திறந்த புல்வெளியை நோக்கித் தாமாகவே நகர்ந்தன. குத்தகை எல்லைக்குள்ளேயே நிறுத்து என்ற உத்தரவால் அவற்றைத் திருப்பிப் பனிப் பள்ளத்தாக்குக்குள் ஓட்டினார்கள். மொத்தத்தில் ஆகப் பெரிய தவறு இதுதான் என்பேன். வாங்கிய சுமார் 12,000 மாடுகளில் 1883 வசந்தத்தில் மிஞ்சியவை 4,000 அளவில் என்று சொல்லப்படுகிறது.

காய்ந்த புல் சேர்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். மாட்டுக்கு நாளுக்கு 10 கிலோ என்று வையுங்கள். 4,000 மாட்டுக்கு 90 நாளுக்கு 3,600 டன். குதிரை இழுக்கும் அறுவை எந்திரத்தை வைத்து, ஆள் பஞ்சமுள்ள இடத்தில், அவ்வளவு சேர்க்க முடியாது. பலவீனமான பசுக்களுக்கும் கன்றுகளுக்கும் மட்டும் கொஞ்சம் சேர்ப்பதே நடக்கக்கூடியது. பின்னாளில் மற்ற பண்ணைகள் செய்ததும் அதுவே.

யாருடைய மாடு என்று காட்டப் போடும் சூட்டுக்குறியிலும் ஒரு கூத்து. நேரமில்லை என்று தோலைச் சுடாமல் மயிரை மட்டும் கருக்கிக் குறி போட்டார்கள். மயிர் வளர்ந்ததும் குறி மறைந்தது. பிறகு குறியில்லாத மாட்டுக்கெல்லாம் சூடு போடு என்று உத்தரவு வந்தபோது அக்கம்பக்கத்துக் குடியானவர்களின் மாடுகளும் அதில் சிக்கின. அவர்கள் கொதித்துப்போய்த் தங்கள் மாட்டைத் தேடி எடுத்தார்கள். பண்ணையின் மாடும் சில சேர்ந்து போயிருக்கும்.

1883-இல் மிச்ச மாடுகளைத் தெற்கே வாட்டர்டன், பெல்லி ஆறுகளின் பக்கம் புதுக் குத்தகைக்கு ஓட்டினார்கள். அங்கேயும் ஒரு குளிர்காலம் பனியில் சிக்கின. பக்கத்துப் பழங்குடியினரின் குதிரைகளை நூற்றுக்கணக்கில் கொண்டுவந்து பனியை மிதித்துப் பாதை போடவைத்து மாடுகளை வெளியே எடுத்ததாகச் சொல்வார்கள். அந்தத் தெற்கு நிலம் நல்ல லாபம் தந்தது. 1906-இல் மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவின் சபைக்கு விற்கப்பட்டது.

காக்ரன் பக்கத்துப் பழைய வடக்கு நிலத்தில் வேறு பெயரில் ஒரு கம்பெனி குதிரையும் செம்மறியும் விட்டது. குதிரை பனியைச் சமாளித்தது. செம்மறிக்கு அந்த அதிர்ஷ்டமில்லை, பனிப்புயலிலும் புல்வெளித் தீயிலும் நிறைய இழந்தார்கள். பிறகு நிலம் குடியேறிகளுக்குப் பிரிந்தது. காக்ரன் ஊருக்குக் கிராமத் தகுதி கிடைத்தது 1903-இல்.