கருப்பை வாய்ப் படங்களைப் படிக்கக் கற்க எந்தப் பயிற்சித் தொகுப்பை வாங்குவது?

கேள்வி: நான் பொது மருத்துவர். எங்கள் மருத்துவமனையில் கருப்பை வாய்ப் புற்றுநோய் ஸ்கிரீனிங் பிரிவு புதிதாகத் தொடங்குகிறார்கள். கோல்போஸ்கோப்பி, அதாவது உருப்பெருக்கிக் கருவியால் கருப்பை வாயைப் பார்க்கும் பொறுப்பை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். கருவி விற்கும் ஏஜென்ட் ஒருவர், கருவியோடு சேர்த்து இரண்டு நாள் சான்றிதழ்ப் பயிற்சி, ஆயிரக்கணக்கான படங்கள் உள்ள மென்பொருள், செயற்கை நுண்ணறிவு உதவி எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாகத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? இது இல்லாமல் நானாகப் படங்களைப் பார்க்கக் கற்றுக்கொள்ள முடியுமா?

பதில்: டாக்டர், இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் அந்த ஏஜென்ட்டிடம் ஒரு கேள்வி கேளுங்கள். "உங்கள் மென்பொருளில் இருக்கிற ஒவ்வொரு படத்துக்கும் பயாப்ஸி முடிவு இருக்கிறதா?" "எல்லாமே பெரிய நிபுணர்கள் பார்த்து உறுதி செய்த படங்கள், சார்" என்று பதில் வந்தால், பயாப்ஸி முடிவு இல்லை என்று அர்த்தம்.

ஏன் இதையே பிடித்துத் தொங்குகிறேன் என்றால், இந்தத் துறையில் நிபுணர்களின் கண்ணே ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் நடத்திய பெரிய ஆய்வு ஒன்றின் படங்களை அனுபவசாலிகள் பலரிடம் கொடுத்துத் தரம் பிரிக்கச் சொன்னார்கள். ஒருவர் லேசானது என்ற படத்தை இன்னொருவர் தீவிரமானது என்றார். ஒற்றுமை மோசமாகவே இருந்தது. அப்படியிருக்க, ஒரு நிபுணரின் கருத்தை விடையாக வைத்துத் தயாரித்த மென்பொருளில் ஆறு மாதம் படித்தால் அவருடைய தவறுகளும் சேர்ந்தே உங்களுக்கு வந்துவிடும், அதுவும் முழு நம்பிக்கையோடு. திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்த முடிவு பக்கத்தில் இருந்தால்தான் ஒரு படம் உங்களைத் திருத்தும்.

இதே காரணத்தால்தான் அமெரிக்காவின் கோல்போஸ்கோப்பி சங்கம் 2017-இல் வெளியிட்ட தரவிதிகளில், அசிட்டிக் அமிலம் வைத்தபின் வெண்மை தெரியும் இடங்களில் இரண்டு முதல் நான்கு பயாப்ஸி வரை எடுக்கச் சொன்னது. மிக மோசமான இடம் எது என்று கண்ணால் துல்லியமாகச் சொல்ல முடியாது என்பதை ஏற்றுக்கொண்ட விதி அது.

சரி, காசில்லாமல் என்ன கிடைக்கும்? லியோனில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, கோல்போஸ்கோப்பி படத்தொகுப்பையும் தொடக்கநிலைக் கையேட்டையும் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. ஏஜென்ட்டின் தொகுப்பைத் திறக்கும் முன் அதைத் திறந்து பாருங்கள். நீங்கள் காசு கொடுக்கப்போவது எதற்கு என்று அப்போது தெரியும்.

வெறுமனே படங்களைப் புரட்டிக்கொண்டே போனால் ஒன்றும் ஏறாது. அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தில், மருத்துவர்கள் கருப்பை வாய்ப் படத்தின் மேலேயே எல்லைக்கோடு வரைவதற்கென்று ஒரு மென்பொருள் உருவாக்கினார்கள். அந்த யோசனை அருமையானது, அதற்கு மென்பொருள்கூடத் தேவையில்லை. ஒரு படத்தை அச்சிட்டு மேலே கண்ணாடித் தாள் ஒன்றை வையுங்கள். முதலில் கருப்பை வாயின் வெளிப்பரப்புச் செல்களும் உள்குழாய்ச் செல்களும் சந்திக்கும் கோட்டை, அதாவது இளஞ்சிவப்பு வழவழப்பு முடிந்து சிவந்த சொரசொரப்பு தொடங்கும் இடத்தை, முழு வட்டமாக வரையுங்கள். எங்காவது பேனா தயங்கினால் அங்கே நிறுத்திக் கேள்விக்குறி போடுங்கள். அடுத்து வெண்மையான பகுதியின் விளிம்பு. பிறகு பயாப்ஸி எடுக்க வேண்டிய இடங்களுக்குப் புள்ளி. இவ்வளவும் முடித்த பிறகுதான் விடையைப் பார்க்க வேண்டும். இதே படத்தை ஒரு சக மருத்துவரிடமும் கொடுத்து வரையச் சொல்லி, இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். கோடுகள் எங்கே விலகுகின்றனவோ அங்கேதான் உங்கள் பாடம் இருக்கிறது. நான் பயிற்சிக்கு வருகிறவர்களை முதல் வாரம் முழுக்க இதைத்தான் செய்ய வைக்கிறேன். "எப்போது சார் கருவியைத் தொடுவது?" என்று முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

படத்தில் வராத ஒன்று உண்டு, அது நேரம். 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தில் நனைத்த பஞ்சை வைத்து ஒரு நிமிடமாவது காத்திருக்கிறோம். தீவிரமான மாற்றம் உள்ள இடம் சட்டென்று வெளுக்கும், சுண்ணாம்பு பூசியதுபோல் அடர்த்தியாக வெளுக்கும், நிமிடக்கணக்கில் அப்படியே நிற்கும். சாதாரணமாக ஒரு வகைச் செல் இன்னொரு வகையாக மாறிக்கொண்டிருக்கும் இடமும் வெளுக்கத்தான் செய்யும். ஆனால் மெல்லிய படலமாக வெளுத்துச் சீக்கிரம் மறைந்துவிடும். ஒரு நொடியில் எடுத்த புகைப்படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியலாம். ஆகவே பயிற்சிக்கு வீடியோ, அல்லது ஒரே பெண்ணின் தொடர் படங்கள் உள்ள தொகுப்பாகத் தேடுங்கள்: உப்புநீரில் கழுவியபின், பச்சை வடிகட்டி போட்டு, அமிலம் வைத்து ஒரு நிமிடத்தில், கடைசியில் அயோடின் தடவியபின். பார்த்ததைச் சொல்ல வார்த்தை வராவிட்டால் ஸ்வீட் (Swede) மதிப்பெண் முறையைப் பழகுங்கள். வெண்மை, விளிம்பு, ரத்தக்குழாய், அளவு, அயோடின் நிறம் என்ற ஐந்துக்கும் 0, 1, 2 என்று போட்டு மொத்தம் பத்துக்குக் கணக்கிடுவது. அந்த எண்ணைவிட, ஐந்தையும் ஒன்றுவிடாமல் பார்க்க வைப்பதுதான் அதன் பெரிய உபகாரம்.

விற்கப்படும் தொகுப்புகளில் எனக்குள்ள பெரிய கோபம் இனிமேல்தான். பக்கத்துக்குப் பக்கம் நோய். பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் ஸ்கிரீனிங் அறையில் உங்கள் முன் படுக்கப்போகிறவர்களில் பெரும்பாலோருக்கு நோய் இருக்காது. சாதாரணச் செல் மாற்றம், அழற்சி, சிறு நீர்க்கட்டிகள், உள்வாய்ச் செல்கள் வெளியே தெரிவதால் வந்த சிவப்பு, இவ்வளவுதான் இருக்கும். நோயை மட்டுமே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது எல்லாமே நோயாகத் தெரியும். அந்தச் சிவப்பைக் "கர்ப்பப்பையில் புண்" என்று சொல்லி எத்தனை பெண்களைப் பயமுறுத்தி, சுட்டுப் பொசுக்கி அனுப்பியிருக்கிறோம்! முதல் நூறு படங்கள் நோயில்லாதவையாக இருக்கட்டும்.

இதில் ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனெனில் எந்தத் தொகுப்பும் இதை ஒழுங்காகச் சொல்வதில்லை. மாதவிடாய் நின்றவர்களுக்கு, செல்கள் சந்திக்கும் அந்தக் கோடு மெல்ல உள்ளே ஏறி, கருப்பை வாய்க் குழாய்க்குள் போய்விடும். வெளியே பார்த்தால் வெளிறிய, வழவழப்பான, களங்கமில்லாத பரப்பு. அமிலம் வைத்தால் ஒன்றும் வெளுக்காது. புதியவர் நிம்மதியாக "நார்மல்" என்று எழுதிவிடுவார். ஆனால் நோய் பிறக்கிற இடத்தையே அவர் பார்க்கவில்லை! 2011-இல் வந்த சர்வதேசப் பெயரிடல் முறையில், கோடு முழுவதும் வெளியே தெரிந்தால் வகை 1, ஓரளவு உள்ளே இருந்தாலும் முழுதாகப் பார்க்க முடிந்தால் வகை 2, முழுதாகப் பார்க்க முடியாவிட்டால் வகை 3. வகை 3-க்கு "நார்மல்" என்ற சொல்லே கிடையாது. "முழுதாகப் பார்க்க முடியவில்லை" என்றுதான் எழுத வேண்டும். வயதானவர்களுக்கு மட்டும் என்றும் நினைத்துவிடாதீர்கள். முன்பு கருப்பை வாயில் சிகிச்சை செய்துகொண்ட இளம் பெண்ணுக்கும் கோடு உள்ளே போயிருக்கலாம். வெறும் கண்ணால் அமிலம் வைத்துப் பார்க்கும் பரிசோதனையும் இவர்களுக்குப் பயன்படாது. இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான ஹெச்.பி.வி. வைரஸ் இருப்பதாகப் பரிசோதனையில் வந்து, வெளியே எல்லாம் அழகாகத் தெரிந்தால், அந்த அழகை நம்பாதீர்கள். குழாயின் வாயை விரித்துப் பார்க்கும் சிறு கருவி உண்டு, உள்ளிருந்து சுரண்டி மாதிரி எடுக்கும் முறை உண்டு. இரண்டும் கைவராதவரை மூத்தவரிடம் அனுப்பிவிடுங்கள். பயிற்சித் தொகுப்புகளில் இந்தப் படங்கள் ஏன் இல்லை என்று யோசித்திருக்கிறேன். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத படத்தைக் காட்டி யாரும் எதையும் விற்க முடியாது, அதுதான் காரணம்.

செயற்கை நுண்ணறிவு பற்றி. 2019-இல் வந்த ஓர் ஆய்வு பெரிய பரபரப்பை உண்டாக்கியது. கோஸ்டா ரிகாவின் குவானகாஸ்தே பகுதியில் 1990-களில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் எடுத்த படங்களைக் கொண்டு பழக்கிய நிரல், மனிதக் கண்ணைவிட நன்றாகக் கண்டுபிடித்தது. ஆனால் அவை பிலிம் போட்ட ஒரு தனிவகைக் கேமராவில் எடுத்த படங்கள். கைபேசிப் படங்களுக்கு அந்தத் திறமையை அப்படியே கொண்டுவர முடியவில்லை. ஆகவே உங்கள் ஏஜென்ட்டின் நிரல் எந்தக் கேமராவின் படங்களில் பழகியது, அவர் விற்கும் கேமராவில் சோதித்துப் பார்த்தார்களா என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தரமாட்டேன் என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். இன்னொன்று, கற்கும் காலத்தில் திரையில் நிரலின் விடை முதலில் வந்துவிட்டால், உங்கள் கண் வேலை செய்வதை நிறுத்திவிடும்.

எம்.ஆர்.ஐ. படங்களும் அந்தத் தொகுப்பில் உண்டு என்று சொன்னால் அதற்குத் தனியாகக் காசு கொடுக்காதீர்கள். அது நோய் உறுதியானபின் எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்ப்பதற்கானது, கதிரியக்க மருத்துவரின் வேலை.

இரண்டு நாள் சான்றிதழ் நீங்கள் வந்து உட்கார்ந்ததற்கான சான்று, அவ்வளவே. பிரிட்டனில் கோல்போஸ்கோப்பி அங்கீகாரம் பெற 150 பெண்களைப் பரிசோதித்துப் பதிவேடு காட்ட வேண்டும். அதில் 50 பேரை மேற்பார்வையாளர் பக்கத்தில் இருக்கப் பார்க்க வேண்டும். இரண்டு நாளில் இதைத் தருகிறேன் என்பவரை என்ன சொல்வது?

கடைசியாக, ஏஜென்ட்டிடம் கேட்க வேண்டியதைவிட உங்கள் நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. நான் பயிற்சி பெற்ற இடத்தில் பயாப்ஸி முடிவு ஆவணப் பிரிவுக்குப் போகும், அங்கிருந்து நோயாளியின் கோப்புக்குப் போகும், படம் பார்த்த மருத்துவருக்கு மட்டும் வராது. ஏறக்குறைய ஒரு வருடம் நான் என்ன சரியாகப் பார்த்தேன், என்ன தவறவிட்டேன் என்று தெரியாமலே பார்த்துக்கொண்டிருந்தேன். லட்சக்கணக்கில் கருவி வாங்க உடனே ஒப்புதல் கிடைக்கிறது. ஒரு காகிதத்தை ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குக் கொண்டுவர எந்தக் குழுவுக்கும் நேரமில்லை. இன்றும் பல இடங்களில் இதே நிலைமைதான்.

ஆகவே கருவிக்கு ஆர்டர் போடுமுன், நோய்க்கூறியல் பிரிவு ஒவ்வொரு முடிவின் நகலையும் உங்களுக்கு அனுப்பும் என்று எழுதி வாங்குங்கள். ஒரு நோட்டு போடுங்கள்: வரிசை எண், வகை 1, 2, 3 எது, ஸ்வீட் மதிப்பெண், உங்கள் கணிப்பு, பயாப்ஸி முடிவு. பெயர் வேண்டாம். கணிப்பை முடிவு வரும் முன்பே பேனாவால் எழுதிவிட வேண்டும், பென்சில் கூடாது. முதல் ஐம்பது பேரைப் பக்கத்தில் ஒரு மூத்தவரை வைத்துக்கொண்டே பாருங்கள். அவர் வர முடிகிற நாட்களில் மட்டும் பிரிவைத் திறந்தால் போதும் என்று நிர்வாகத்திடம் சொல்லுங்கள். ஏஜென்ட் அடுத்த வாரம் போன் செய்தால், அந்த நோட்டில் ஐம்பது வரி நிரம்பியபிறகு பேசலாம் என்று சொல்லிவிடுங்கள்.