தேசிய, சர்வதேச தினங்களில் உங்கள் மனதுக்கு நெருக்கமானவை எவை? அவற்றுக்கு உண்மையில் அர்த்தம் இருக்கிறதா?

கேள்வி கேட்டவர் கூடவே ஒன்று சேர்த்திருக்கிறார்: "தினம் ஒரு தினம் வருகிறது. வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவதைத் தவிர வேறென்ன பயன்?"

இருக்கிறது என்று அடித்துச் சொல்வேன். காரணம் என் தொழில். ராயபுரம் கல்மண்டபம் பக்கம் ஒரு டிடிபி கடையில் 18 வருடமாக வேலை பார்க்கிறேன். நோட்டீஸ், போஸ்டர், பேனர், காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கைவழியாகத்தான் போகும். தினசரி கிழிக்கிற காலண்டரில் என்னென்னவோ தினங்கள் அச்சாகியிருக்கும். ஆனால் எந்த தினத்துக்கு நாலு பேர் சொந்தக் காசைப் போட்டு, நோட்டுத்தாளில் மேட்டர் எழுதிக்கொண்டு கடைப்படி ஏறி வருகிறார்கள் என்பது எங்களுக்குத்தான் தெரியும். அப்படி வருகிற தினங்களைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மே தினம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சங்கத்தின் மே தின போஸ்டர் வந்தது. '1923' என்பதை '1932' என்று அடித்துவிட்டேன். ப்ரூஃப் பார்க்க வந்தவர் ஹார்பரில் வேலை செய்து ஓய்வு பெற்ற பெரியவர். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தார். அந்த எண்ணில் விரல் நின்றுவிட்டது.

"இன்னா தம்பி, வருசம் மாறிக் கீதே. இது இன்னா வருசம் தெரியுமா உனக்கு?"

"தெரியாதுங்க ஐயா."

அவர் கோபப்படவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எதிர்க்கடை டீ ரெண்டு ஆறும்வரை பேசினார். 1886 மே 1 அன்று அமெரிக்காவில் எட்டு மணி நேர வேலை கேட்டுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மே 4 அன்று சிகாகோவின் ஹேமார்க்கெட்டில் நடந்த கூட்டத்தில் குண்டு வெடித்தது. அதற்காக நடந்த வழக்கில் அடுத்த ஆண்டு நவம்பரில் நான்கு பேரைத் தூக்கிலிட்டார்கள். 1889-ல் பாரிஸில் கூடிய சோஷலிஸ்டுகள் மே 1-ஐ உலகம் முழுக்கத் தொழிலாளர் நாளாக அனுசரிக்க முடிவெடுத்தார்கள். இதெல்லாம் எங்கேயோ நடந்தது என்று நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் கையை நீட்டிக் கடற்கரைப் பக்கம் காட்டினார். "இந்தியாவுல மொத மொத கொண்டாடுனது இங்கதாம்பா. ஐகோர்ட்டுக்கு எதிர்ல."

1923 மே 1 அன்று சென்னையில் இரண்டு இடத்தில் கூட்டம் நடந்தது. ஒன்று திருவல்லிக்கேணி கடற்கரை, இன்னொன்று உயர்நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த கடற்கரை. ஏற்பாடு செய்தவர் மீனவக் குடும்பத்தில் பிறந்த வழக்கறிஞர் ம. சிங்காரவேலர். செங்கொடி இந்தியாவில் முதன்முதலாக ஏறியதும் அன்றுதான். ராஜாஜி சாலையில் கலெக்டர் ஆபீஸ் கட்டடத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். பட்டாவுக்கும் உதவித்தொகைக்கும் அந்த வாசலில் எத்தனையோ முறை நின்றிருக்கிறேன். சிங்காரவேலர் யார் என்று அதுவரை கேட்டதே இல்லை. அந்தப் போஸ்டரைத் திருத்திக் கொடுத்த பிறகு, எந்தத் தேதியை அடித்தாலும் அன்றைக்கு என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டுதான் அடிப்பது என்று வைத்துக்கொண்டேன்.

100 வருடம் கழித்து, 2023 ஏப்ரலில், 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எல்லாம் எதிர்த்தன. அது திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தது அதே வருடம் மே 1, சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில். அந்தப் பத்துப் பதினைந்து நாளில் நான் அடித்த நோட்டீஸ்களில் திரும்பத் திரும்ப வந்த எண் 8. மே தினம் பழைய கதை என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த நோட்டீஸ்கள்தான் ஞாபகத்துக்கு வரும்.

இங்கே ஒரு ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மே தினத்துக்கு நாலு நாள் முன்னால் ஏப்ரல் 27 வருகிறது. 1918-ல் அந்தத் தேதியில்தான் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். பெரம்பூர் பக்கம் பக்கிங்ஹாம் கர்நாடிக் மில், அதாவது நம் ஜனங்கள் சொல்கிற பின்னி மில், அந்தத் தொழிலாளர்களுக்காக உண்டானது. செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு இருவரும் போய்ப் பேசி, அன்னி பெசன்ட்டின் சகாவான பி.பி. வாடியாவை அழைத்து வந்தார்கள். திரு.வி.க. கூட நின்றார். அவர்களுடைய குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டு இடைவேளை அரை மணி நேரம்தான் என்பது. கேட்டைத் தாண்டி வந்து, கை கழுவி, தூக்கு வாளியைத் திறந்து, சாப்பிட்டு, திரும்பவும் உள்ளே ஓட அரை மணி! இந்தத் தேதிக்கு என் கடைக்கு ஒரு போஸ்டர்கூட வந்ததில்லை. காலண்டரிலும் இல்லை. வடசென்னையில் ஒரு நாளைக் கொண்டாடச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

அடுத்து ஜனவரி 25, மொழிப்போர் தியாகிகள் நாள். இதற்கு வருகிறவர்களிடம் எழுத்துப்பிழைக்கு மன்னிப்பே கிடையாது. 'நடராஜன்' என்று அடித்தால் "நடராசன்னு போடுங்க" என்று நிற்பார்கள். 1938-ல் ராஜாஜி அரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது. அதை எதிர்த்துச் சிறைக்குப் போன நடராசன் 1939 ஜனவரி 15 அன்று இறந்தார். மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் வெளியே போகலாம் என்ற நிலை வந்தும் அவர் எழுதிக் கொடுக்கவில்லை. இரண்டு மாதத்துக்குள் கும்பகோணத்துக்காரரான தாளமுத்துவும் போய்ச் சேர்ந்தார். இருவருமே மூலகொத்தளம் சுடுகாட்டில் அருகருகே இருக்கிறார்கள். பக்கத்திலேயே மருத்துவர் தருமாம்பாள் நினைவிடம். அவர் பெண்களைத் திரட்டி அதே போராட்டத்தில் நின்றவர். ராயபுரத்திலிருந்து கூப்பிடு தூரம்தான். மற்ற நாட்களில் அந்த வழியாகப் போகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். ஜனவரி 25 காலையில் மாலைகள் வந்து குவியும்.

சரி, ஜனவரியிலும் மார்ச்சிலும் இறந்தவர்களுக்கு ஏன் ஜனவரி 25 என்று கேட்கலாம். 1964-ல் அந்தத் தேதியில் கீழப்பழுவூர் சின்னசாமி திருச்சி ரயில் நிலையத்தின் முன் தீக்குளித்தார். அடுத்த வருடம் அதே தேதியில், இந்தி ஒரே ஆட்சிமொழியாவதாக இருந்த ஜனவரி 26-க்கு முந்தைய நாள், மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள்.

இதோடு பிப்ரவரி 21-ஐச் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்பது என் எண்ணம். அது உலகத் தாய்மொழி நாள். 1952-ல் அன்று பாகிஸ்தானோடு இருந்த கிழக்கு வங்கத்தில், டாக்காவில், வங்க மொழிக்காக ஊர்வலம் போன மாணவர்கள் மீது போலீஸ் சுட்டது. ரஃபீக், பர்கத், ஜப்பார், சலாம் என்று அந்தப் பெயர்களை அங்கே குழந்தைகள்கூடச் சொல்லும். கனடாவில் குடியேறிய இரண்டு வங்காளிகள் எழுதிய கடிதத்தில் தொடங்கி, 1999 நவம்பரில் யுனெஸ்கோ அந்தத் தேதியை உலகத்துக்கே பொதுவாக்கியது. தேதிகளோடே புழங்குகிற ஆள் என்பதால் ஒன்று என் கண்ணில் பட்டது. நடராசனும் தாளமுத்துவும் எதிர்த்த அந்தக் கட்டாய இந்தியை ஆளுநர் எர்ஸ்கின் விலக்கிக்கொண்ட நாள் 1940 பிப்ரவரி 21. டாக்காவுக்கு சரியாகப் பன்னிரண்டு வருடம் முன்பு, அதே தேதி! தற்செயல்தான். ஆனாலும் மூலகொத்தளத்தில் பிப்ரவரி 21 அன்று ஒரு மாலை விழுந்தால் எனக்கு அவ்வளவு நிறைவாக இருக்கும்.

ஏப்ரல் 14 எங்கள் கடையில் தூக்கமில்லாத வாரம். கோயில்காரர்கள் சித்திரைப் புத்தாண்டு நோட்டீஸோடு வருவார்கள். வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கமிருந்து அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாள் பேனர்கள் வரும். 2022-லிருந்து தமிழக அரசு அதைச் சமத்துவ நாள் என்று அறிவித்திருக்கிறது. நான் சொன்ன ஹார்பர் பெரியவர் மே தினத்தையும் இதையும் பிரித்தே பேசமாட்டார். வைஸ்ராய் கவுன்சிலில் தொழிலாளர் துறையை அம்பேத்கர் வைத்திருந்த காலத்தில்தான் ஆலைத் தொழிலாளருக்கு வாரம் 54 மணி நேரம் என்று இருந்ததை 48 ஆகக் குறைக்கும் சட்டத்திருத்தம் கொண்டுவரப்பட்டு 1946-ல் நிறைவேறியது என்பார்.

அதே ஏப்ரல் 14 தீயணைப்புச் சேவை நாளும்கூட. 1944-ல் பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகீன் என்ற கப்பல் வெடித்துச் சிதறி, அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் 66 பேர் இறந்தார்கள். அந்தக் கப்பலில் வெடிமருந்தும் இருந்தது, பஞ்சு மூட்டைகளும் இருந்தன. என் அப்பா சென்னை ஹார்பரில் மூட்டை தூக்கியவர். இதை அவருக்குப் படித்துக் காட்டியபோது சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது. "பஞ்சையும் வெடியையும் ஒரே கப்பல்லயா ஏத்தினானுங்க?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எறக்கப் போனவன் எத்தினி பேரு செத்தானோ, அதை எவன் எண்ணினான்" என்றார்.

மகளிர் தினத்துக்கு வருகிற ஆர்டர் பெரும்பாலும் புடவைக்கடைத் தள்ளுபடிதான். அந்த மார்ச் 8 வந்ததே 1917-ல் ரஷ்யாவின் பெட்ரோகிராடில் நூற்பாலைப் பெண்கள் ரொட்டி கேட்டுத் தெருவுக்கு வந்த நாளால். மில் ஊரான பெரம்பூரில் இதைச் சொன்னால் புரியாமலா போகும்? கடைக்காரர்கள் கேட்டால் தள்ளுபடிக்குக் கீழே இதை ஒரு வரி சேர்த்துக் கொடுக்கிறேன். இரண்டு பேர் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

டிசம்பர் வேறு மாதிரி. டிசம்பர் 2 தேசிய மாசுக் கட்டுப்பாட்டு நாள். 1984-ல் அன்றிரவுதான் போபாலில் மீத்தைல் ஐசோசயனேட் கசிந்து, விடிவதற்குள் ஆயிரக்கணக்கில் ஜனங்கள் போனார்கள். ஆலைகளுக்கு நடுவில் வாழ்கிற மணலி, எண்ணூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. 2023-ல் அந்த நாள் போய் இரண்டு மூன்று நாளில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் கழிமுகம் முழுக்கப் படர்ந்தது. வலையும் படகும் கறுத்துப் போயின.

அப்புறம் டிசம்பர் 26. 2004-ல் அது ஞாயிற்றுக்கிழமை. காசிமேட்டில் மீன் வாங்கக் கூட்டம் நெரிகிற காலை. இன்றைக்கும் அந்தத் தேதியில் விடியற்காலையிலேயே கடலில் பால் ஊற்றிப் பூ தூவுவார்கள். ஐ.நா. 2015-ல் அறிவித்த உலக சுனாமி விழிப்புணர்வு நாளோ நவம்பர் 5. நம்முடைய தேதியை ஏன் வைக்கவில்லை என்று எனக்கும் முதலில் வருத்தம்தான். காரணம் படித்ததும் தீர்ந்தது. 1854-ல் ஜப்பானின் வகாயாமா பகுதியில் ஹமகுச்சி கோரியோ என்பவர், நிலநடுக்கத்துக்குப் பின் அலை வரப்போவதை உணர்ந்து, வயலில் இருந்த நெற்கதிர்ப் போருக்குத் தீ வைத்தார். இருட்டில் வழி தெரியாமல் தவித்தவர்கள் அந்த வெளிச்சத்தைப் பார்த்து மேட்டுக்கு ஏறித் தப்பினார்கள். பிறகு அதே ஊருக்குக் கடலோரக் கரையும் கட்டினார். ஜப்பானியப் பழைய நாட்காட்டியில் அன்று 11-ம் மாதம் 5-ம் தேதி. நம் காலண்டர் கணக்கில் அது 1854 டிசம்பர் 24. நமக்கு அலை வந்ததற்கு 150 வருடமும் இரண்டு நாளும் முன்பு.

2023 டிசம்பர் 26, கடலில் பால் ஊற்றிய அதே நாள் இரவு, எண்ணூரில் ஓர் ஆலைக்குப் போகிற கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்தது. என் அக்காவை அங்கேதான் கட்டிக்கொடுத்திருக்கிறது. நள்ளிரவு தாண்டி போன் வந்தது. பேச்சே வரவில்லை, இருமல்தான். ஈரத் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு, பிள்ளைகளை டூவீலரில் ஏற்றிக் கிளம்பிவிட்டார்கள். எந்தப் பக்கம் ஓடுவது என்று யாரும் சொல்லவில்லையாம். காற்று வீசுகிற திசையைப் பார்த்து அவர்களே முடிவு செய்தார்களாம்.

ஒவ்வொரு டிசம்பரும் 20 தேதிவாக்கில் ஒரு அம்மா கடைக்கு வருவார். எர்ணாவூர் சுனாமி குடியிருப்பிலிருந்து. கையில் பிளாஸ்டிக் கவருக்குள் ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஸ்கூல் யூனிஃபார்மில் ஒரு பையன். ஸ்கேன் என்னிடம் இருக்கிறது என்று சொன்னாலும், "இருக்கட்டும் தம்பி, இன்னொரு வாட்டி எடுத்துக்கோ" என்பார். எடுத்துக்கொள்வேன். ஏ4 தாளில் கறுப்பு வெள்ளையில் பத்துப் பிரதி. முதலாளி காசு வாங்கமாட்டார். 2024-ல், இருபதாவது வருடம், மேட்டரில் புதிதாக ஒரு வரி எழுதிக்கொண்டு வந்தார். 'எண்ணூர் ஜனங்களுக்கு அபாயச் சங்கு வேண்டும்' என்று இருந்தது. பையன் படத்துக்கு மேலே போடவா, கீழே போடவா என்று கேட்டேன். "மேலயே போடு, பெருசா" என்றார்.